பூ ஓட்டுக்கு அடியில் ஒட்டிய கம்பளி

எங்கள் வீட்டில் நல்ல மேசை இல்லாததால் வந்த வினை இது. டவுனில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்போது எங்களுக்கு இருந்தது, சோப்புப் பெட்டிப் பலகையில் என் வீட்டுக்காரர் அடித்த மேசைதான். நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஆபீஸில் கணக்கெழுதும் பக்கத்து வீட்டுக் கிராணியின் மனைவியிடம் பாலிஷ் போட்ட மேசையை இரவல் கேட்டேன்.

"சுடு டம்ளரை அப்படியே வச்சிடாதே. வெள்ளையா வட்டம் விழுந்துரும்" என்று வாசல்வரை வந்து சொன்னாள்.

வருகிறவர்கள் டவுன் ஆட்கள். தோட்டத்துப் பெண் என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று தரகர் எச்சரித்திருந்தார். நாத்தனாரோ போன வருஷம்வரை காப்பார் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவள். ரயில்வேக்காரர் தங்கை என்பதோடு நிறுத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தோம்.

டம்ளருக்கு அடியில் வைக்க, ஒரு சீன முதலாளி வீட்டுத் தரைக்குப் போட்டு மிஞ்சிய பூ ஓட்டுத் துண்டுகளை வீட்டுக்காரர் கொண்டுவந்து, கல்லில் தேய்த்துச் சதுரமாக்கிக் கொடுத்தார். மேலே ரோஜாப்பூ கண்ணைப் பறித்தது. அடிப்பக்கம் ஒரே சொரசொரப்பு. மேசையில் ஓர் இழுப்பு இழுத்தால் கீறல் விழுந்துவிடும். அடியில் கம்பளி ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

கஞ்சிப் பசை காய்ச்சி ஒட்டினேன். விடிந்து பார்த்தால், கரப்பான் பூச்சிகள் பசையைத் தின்றுவிட்டுக் கம்பளியைத் தனியாக விட்டிருந்தன. மயில்துத்தம் கலந்து மறுபடியும் காய்ச்சினேன். பூச்சி அண்டவில்லை. ஆனால் சுடு டம்ளரை வைத்து ஓட்டைத் தூக்கினால் கம்பளி வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஓட்டைச் சுவரில் வீசியிருப்பேன்.

"ஒட்டலேன்னா சின்ன ஆணியா அடிச்சிக்கலாமே" என்றார் வீட்டுக்காரர். ஓட்டில் ஆணி அடிக்கிற மேதாவி!

கடைசியில் அவரே ரப்பர் பால் யோசனையைச் சொன்னார். அவருடைய அண்ணன் இன்னும் காப்பார் தோட்டத்தில்தான் இருந்தார். ஒரு போத்தல் பால் வந்து சேர்ந்தது. பூசியதும் கம்பளி உடும்பாகப் பிடித்துக்கொண்டது. புளித்த நாற்றம்தான் போகவில்லை. வெயிலில் காயப் போட்டேன், சாம்பிராணி காட்டினேன். அவர்கள் வரும் நாள் காலையில் முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் காப்பியை ஓடுகளின் மேல் வைத்தோம். டம்ளரை எடுக்கக் குனிந்த மாப்பிள்ளையின் தாயார் முகத்தைச் சுளித்தார். டம்ளரின் சூடு ஓட்டுக்குள் இறங்கியதும் கம்பளியிலிருந்து அந்த நாற்றம் கிளம்பிவிட்டது. அவர் டம்ளரை ஒதுக்கிவிட்டு ஓட்டைப் புரட்டினார்.

"ரப்பர் பால் ஆச்சே! டவுன்ல இருக்கிறவங்களுக்கு இது ஏது?"

நான் மனசுக்குள் ஒரு பொய்யைத் தேடினேன். பலகாரத் தட்டோடு நின்ற நாத்தனார் நிதானமாகச் சொன்னாள்.

"பெரியண்ணன் தோட்டத்துலேர்ந்து வந்தது. நானும் போன வருஷம் வரைக்கும் அங்க பால் வெட்டுனவதான்."

காப்பியை யாரும் தொடவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? அவர்கள் தெருவைத் தாண்டினார்களோ இல்லையோ, நான் வெடித்தேன்.

"கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையா உனக்கு? எவ்வளவு பாடுபட்டேன்!"

அவள் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறிப்போன காப்பியை எடுத்து நிதானமாகக் குடித்தாள்.

"கொஞ்ச நேரம்னா மூடிக்கிட்டு இருந்திருப்பேன் அண்ணி. கட்டிக்கிட்டுப் போனா, சாவுற வரைக்கும்ல மூடிக்கிட்டு இருக்கணும்?"