சீயக்காய் போட்டுக் கழுவிய படம்

போட்டோக் கடையில் படத்தைவிட அதிகமாகப் போகும் சரக்கு பதில்தான். துணிக்கடையிலோ, மருந்துக் கடையிலோ, தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னாலோ உட்கார்ந்து, தெரிந்ததற்கும் தெரியாததற்கும் பதில் சொல்லித் தொண்டை காய்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நயா பைசா வந்த புதிதில், மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னைச் சித்தப்பா திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் இருந்த தம் கடைக்குக் கூட்டிப் போனார். "நான் இருட்டறையில இருக்கிறப்ப வர்றவங்களுக்குப் பதில் சொன்னாப் போதும்" என்றார். பேசுவதைத் தவிர வேறு எந்த வேலை கொடுத்திருந்தாலும் செய்திருப்பேன்.

கடையில் யாரும் இல்லையா?

முதல் நாள் வந்தவர் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். அவர் ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "கடையில யாரும் இல்லையா?" என்று குரல் கொடுத்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

இருட்டறைக்குள்ளிருந்து சித்தப்பா, "எங்க அண்ணன் மகள் எதுக்கால உட்கார்ந்திருக்குல்ல, அதுகிட்டக் கேளுங்க!" என்று கத்தினார். அப்போதுதான் நான் கண் சிமிட்டியிருக்க வேண்டும். அவர் ஒரு அடி பின்னால் போய்ச் சொன்னார்: "அட, சுவத்துல மாட்டுன படம்னுல்ல நெனச்சேன்!"

தலைப்பாகைக்காரர்

அகரத்திலிருந்து பூ விவசாயம் செய்யும் அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் எடுத்த பழைய குரூப் படம் ஒன்றை வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். ஓரத்தில் நின்றவர் அவர்களுடைய அய்யா. வாழ்நாளில் அவர் நின்ற ஒரே படம் அதுதான். அவரை மட்டும் தனியாகப் பெரிதுபண்ண வேண்டும். முன்னால் நின்ற ஒருவருடைய தலைப்பாகை, அய்யாவின் மூக்கு முதல் தாடை வரை மறைத்திருந்தது.

மறைந்திருப்பதைக் கொண்டுவர முடியாது என்று சொன்னேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை அண்ணனுக்குக் கேட்டது. அவர் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒருவேளை பின்னாலிருந்து பார்த்தால் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் தம்பிதான் ரொம்ப நியாயமாகக் கேட்டார்: "நீங்க பெருசு பண்றப்ப அந்தத் தலைப்பாக்காரரை மட்டும் செத்த தள்ளி நிக்கச் சொல்ல ஏலாதாம்மா?"

ஐந்து தகடுகள்

கடையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்ற செய்தி பேகம்பூர்ப் பக்கம் போனபிறகு, வெள்ளைத் துப்பட்டி போட்ட பெண்கள் ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். அப்படி வந்தவர் மைமூன் அக்கா. வீட்டுக்காரருக்குத் தோல் மண்டி. நாற்பது வயதிருக்கும். எதற்கெடுத்தாலும் சிரிப்பார். சிரிக்கும்போதெல்லாம் துப்பட்டித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார். என்னைப் போலவே கூச்சம் என்று நினைத்து எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

அவருடைய அத்தா, அதாவது அப்பா, இறந்து நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து, டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். அடியில் கறுப்புக் காகிதம் சுற்றிய ஐந்து கண்ணாடித் தகடுகள். அத்தா இளவயதில் தோல் வியாபாரமாக மதராஸ் போனபோது ஒரு தகட்டுக் கேமரா வாங்கி வந்து, வீட்டுப் பெண்களைப் படம் எடுத்தாராம். வெளி ஆள் முன்னால் அவர்கள் நிற்க மாட்டார்கள். எடுத்தவர் அவர் ஒருவர்தான். மைமூன் அக்கா எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அத்தா மறுகல்யாணம் செய்துகொண்டார். வந்தவள் மனம் நோகக் கூடாது என்று முதல் மனைவியின் பேச்சையே எடுக்கவில்லை, படங்களையும் காட்டவில்லை. "எங்கம்மா எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது, பாப்பா. இதுல ஒண்ணுலயாவது இருப்பாங்கள்ல?" என்றார்.

நான்கு தகடுகளில், நெகட்டிவ் என்பதால், கறுப்பு முகமும் வெள்ளை முக்காடுமாக உருவங்கள் தெரிந்தன. ஐந்தாவது தகடு ஜன்னல் கண்ணாடி போல் சுத்தமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் விழித்தபோது, மைமூன் அக்கா பெருமையாகச் சொன்னார்: "அது மேல ஒரே கறுப்பு அழுக்கு. வெந்நீர்ல சீயக்காய் போட்டுத் தேய்ச்சேன், அப்பத்தான் போச்சு. மத்த நாலையும் நீங்களே கழுவிக்கிறீங்களா?"

காசிப் பயணம்

அந்த வாரமே நெய்க்காரப்பட்டித் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், மருமகன் கொடுத்த பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சம்சாரத்துடன் காசி போய், அப்படியே ராமேஸ்வரத்தில் யாத்திரையை முடிக்கப் போகிறார். கேமராவைப் பூட்ட டிரங்குப் பெட்டி நல்லதா, தகர டப்பா நல்லதா, தலையணை உறைக்குள் வைக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தோல் உறை நல்லது என்றேன். கடை உறைமேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. மண்டியிலிருந்து தாமே பதனிடாத தோல் வாங்கி, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டார். அதோடு அவர் மறுபடி வந்த அன்று, தெருநாய் இரண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டன.

பிலிமை மாட்டிக் கொடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் பிறகு பக்கத்துச் சாவியைத் திருகி அடுத்த எண்ணைக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னேன். என் குரல் கவுண்டரைத் தாண்டியதா என்பது சந்தேகம். பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள் என்பதை மட்டும் சித்தப்பா உள்ளேயிருந்து கத்தினார். அது நன்றாகக் கேட்டிருக்கும். வாசல்வரை போனவர் திரும்பிவந்து, ரகசியம்போல் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, காசியில குளிரு சாஸ்தீங்களாமா. உள்ளுக்குள்ள பிலிமு வெறைச்சுக்குமுங்களா?"

நாலு முக்காடு

மைமூன் அக்காவின் நான்கு தகடுகளுக்கும் சித்தப்பா பிரிண்ட் போட்டார். நான்கிலும் அதே முற்றம், அதே நான்கு பெண்கள்: அத்தாவின் அக்கா, தங்கை, ஒரு சித்தி மகள், பிறகு அம்மா. எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது. எல்லோர் தலையிலும் முக்காடு. படத்துக்குப் படம் இடம் மட்டும் மாறி மாறி உட்கார்ந்தும் நின்றும் இருந்தார்கள். தங்கையும் சித்தி மகளும் எப்போதோ காலமாகிவிட்டார்கள். உயிரோடிருப்பவர் பழனியில் இருந்த அத்தாவின் அக்காதான், மைமூன் அக்காவுக்கு மாமி. அவருக்கோ இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பார்வை போய்விட்டது. யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டதற்கு, "வெயில் மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றாராம்.

மைமூன் அக்கா நான்கு படங்களையும் கவுண்டரில் பரப்பி வைத்து ஒவ்வொரு முகமாக விரலை நகர்த்தினார். நான்கு பேரில் யாரைப் பார்த்தாலும் கொஞ்சம் அம்மாபோல் இருக்கிறது என்றார். பிறகு அந்தச் சுத்தமான தகட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கழுவியது அழுக்கை அல்ல, படத்தையே என்பது இதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அன்று அவர் சிரிக்கவில்லை. "இந்த நாலும் எல்லாரும் இருக்கிற படம். இது ஒண்ணுலதான் அவங்க தனியா இருந்திருந்தா, பாப்பா?"

பார்க்கத் தெரியாத ஆள்

மைமூன் அக்கா கேட்ட இன்னொரு செட் பிரிண்டுகளை அன்று உலர்த்தும்போது சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பழைய தகட்டுக் கேமராவில் எல்லா முகத்தையும் ஒரே தெளிவில் கொண்டுவருவது கஷ்டம். எடுப்பவர் யார்மேல் பார்வை வைத்துச் சரிசெய்கிறாரோ அவர் தெளிவாக விழுவார். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் மங்கிப் போவார்கள். அதனால் முன்வரிசைமேல் பார்வை வைப்பதுதான் வழக்கம். இந்த மனிதர் ஒரு படத்தில் முன்வரிசையைச் சரியாகப் பிடித்திருந்தார். அடுத்ததில் முன்னால் உட்கார்ந்த இருவரையும் விட்டுவிட்டுப் பின்னால் நின்றவளைப் பிடித்திருந்தார். இன்னொன்றில் ஓரத்தில் தூணருகே இருந்தவளை.

நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து நான்கையும் வரிசையாகப் பார்த்தேன். இடம் மாறிக்கொண்டே இருந்தது. தெளிவாக விழுந்த முகம் மாறவில்லை. நான்கிலும் ஒரே பெண். சித்தப்பா கடைசிப் படத்தைக் கயிற்றில் மாட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "நல்ல கேமரா வாங்கியிருக்காரு. யாரைப் பார்க்கணும்னுதான் மனுஷனுக்குத் தெரியலை."

ஒரே கும்பிடு

காசிக்காரர் திரும்பி வந்தார். ரயிலில் இடம் கிடைத்ததா என்று சித்தப்பா கேட்டார். "போறப்பவும் வர்றப்பவும் காலை நீட்டிப் படுத்துட்டு வந்தேனுங்க. அந்தத் தோல் உறைய மடியில வெச்சா, பக்கத்துல ஒருத்தரும் உக்காரலீங்க" என்றார். பிலிமைக் கழுவினால் எட்டுப் படம் வர வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று வந்தது. அதில் ஒரு படகு, அதன்மேல் ஒரு கோபுரம், கோபுரத்துக்கு நடுவே மாட்டுக் கொம்பு, கொம்பில் அவர் சம்சாரத்தின் முகம் பாதி, எல்லாவற்றுக்கும் அடியில் ராமேஸ்வரம் அலை. ஒரு தடவைகூட அவர் சாவியைத் திருகவில்லை.

குற்றம் என் குரலுடையது. காது வரை சூடேற, நான் அப்போது உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் அந்தப் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அதனால என்னங்க அம்மிணி! காசியில ஆரம்பிச்சு ராமேஸ்வரம் வரைக்கும் இனி ஒரே கும்பிடுல முடிஞ்சு போயிருமுங்க."

வெயிலில் நின்றவர்கள்

அவர் பெரிய மனதுக்காரர். ஆனால் நான் வாய்க்குள் பேசியதால் ஒரு யாத்திரையே போயிற்று என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. மைமூன் அக்கா விஷயமோ அதைவிடப் பயம். சொல்லாமல் விட்டால் அவருக்கு நான்கு அம்மாக்கள். தப்பாகச் சொல்லிவிட்டால், காலம் பூராவும் யாரோ ஒருத்தியை அம்மா என்று பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவர் வந்தபோது, தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்க, "அக்கா, உங்க அத்தா நாலு படத்துலயும் ஒருத்தரை மட்டும்தான் பார்த்திருக்கார்!" என்றேன். பூதக்கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன். "இது என் யோசனைதான், சத்தியம் பண்ண மாட்டேன். பழனியில உங்க மாமிகிட்ட, அன்னைக்கு அத்தா யாரைப் பார்த்துக்கிட்டு இருந்தார்னு மட்டும் கேளுங்க" என்று சேர்த்துச் சொன்னேன். அவர் படங்களை எடுத்துக்கொண்டு போனார்.

நாலு நாள் கழித்து வந்தார். மாமி அந்தக் கேள்வியைக் கேட்டதும் பொக்கை வாயால் சிரிக்கத் தொடங்கி, அரைமணி நேரம் நிறுத்தவில்லையாம். மாமி சொன்னதை அப்படியே சொன்னார்: "எங்களை எங்கேடி பார்த்தான்? நாங்க மூணு பேரும் சும்மா துணைக்கு நின்னு வெயில்ல காஞ்சோம். 'தெத்துப்பல்லு தெரியுதுடி, வாயை மூடு'ன்னு நான் உங்கம்மாவை அதட்டுனா, 'அது தெரியட்டும்க்கா'ன்னு கேமரா மேல போட்ட கறுப்புத் துணிக்குள்ள இருந்து உங்கத்தா கத்துறான்!"

நான் அவசரமாகப் பூதக்கண்ணாடியை எடுத்தேன். தூணருகே நின்ற முகம். லேசாகத் திறந்த உதடு. இடது பக்கம், பல்லின்மேல் ஏறிய சின்னப் பல் ஒன்று, மயிரிழை பிசகாமல் விழுந்திருந்தது. கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினேன். ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.

அந்த முகத்தைத் தனியாகப் பெரிதுபண்ணிக் கொடுத்தோம். அவர்கள் வீட்டில் படம் சுவரில் மாட்ட மாட்டார்கள். பீரோவில் துணிக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம் என்றார். சட்டத்துக்குக் கண்ணாடி வேண்டுமே என்று சித்தப்பா தேடியபோது, மைமூன் அக்கா பைக்குள்ளிருந்து சீயக்காய் போட்டுக் கழுவிய தகட்டை எடுத்து நீட்டினார். அளவு சரியாக இருந்தது. சட்டத்தைக் கையில் வாங்கியதும் அவர் சிரித்தார். துப்பட்டித் தலைப்பு வாய்க்குப் போகவில்லை. இடது பக்கம், பல்லின்மேல் ஏறிய அதே சின்னப் பல்லை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அவர் சொன்னார்: "இம்புட்டு வருசமா வாயைப் பொத்திக்கிட்டே சிரிச்சிருக்கேனே, பாப்பா!"

அந்தக் கவுண்டரில் நான் சொன்ன பதில்களில் தெளிவாக விழுந்தது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் மங்கல், வாடிக்கைக்காரர்கள் நல்லவர்களாக இருந்ததால் அதற்கும் சட்டம் போட்டு வாங்கிப் போனார்கள்.