நான்காம் நிறுத்தத்தில் பூஜ்யம்

பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருஷம் இன்ஜின் பழுது பார்த்தவருக்கு, ஓய்வுபெற்ற பிறகு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது: பைனாகுலர். பழைய ரயில் தடத்தைப் பெயர்த்துவிட்டு நகராட்சி போட்ட பசுமைப் பாதையில், கழுத்தில் அந்தக் கருவி தொங்காமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. உண்மையில் அவர் பறவைகளைக் கண்டுபிடிப்பது கண்ணால் அல்ல, காதால். பணிமனையிலும் அப்படித்தான். மூடியைத் திறக்காமலே, இரண்டாவது சிலிண்டரில் வால்வு தட்டுகிறது என்பார். திறந்து பார்த்தால் தட்டும். அந்தக் காதைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

பாதையில் ஒன்பது இடங்களைக் குறித்து வைத்திருந்தார். பஸ்காரர் புத்தி போகுமா, அவற்றுக்கு நிறுத்தம் என்றே பெயர். ஞாயிறு காலை ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து நிமிஷம் அசையாமல் நின்று, கேட்டதையும் பார்த்ததையும் நோட்டில் எழுதுவார். நகரத்துப் பறவைக் குழுவில் அந்த நோட்டுக்குத் தனி மரியாதை. அவர் சொன்னால் சொன்னதுதான், யாரும் கூட வந்து சரிபார்த்ததில்லை.

நான்காம் நிறுத்தம்தான் அவருக்கு உயிர். கால்வாய்க்கும் ஒரு கிடங்கின் பின்சுவருக்கும் நடுவே இடுப்பளவு புல். அதற்குள் கதிர்க்குருவிகள். கட்டைவிரல் அளவு, காய்ந்த புல்லின் நிறம், கண்ணுக்குச் சிக்காது. ஊசி குத்துவது போன்ற மெல்லிய சத்தத்தை வைத்துத்தான் எண்ண வேண்டும்.

அந்தப் பாதையில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தவர் நகராட்சித் தோட்டக்காரம்மா. ஐம்பது வயதிருக்கும். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. கூடு இருக்கும் இடத்தைப் பைனாகுலர் காட்டிவிட்டால் போதும், அங்கே ஒரு குச்சியை நட்டு, கிழிந்த துணியைக் கட்டிவிட்டு, சுற்றி வளைத்து வெட்டுவார். மேஸ்திரி ஏன் அரைகுறையாக விட்டிருக்கிறாய் என்று கேட்டால், இயந்திரம் மக்கர் பண்ணுகிறது என்று பதில் வரும். அண்ணே, தங்கச்சி என்றுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள். பறவைகளைப் பற்றி மனசுவிட்டுப் பேச அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். வீட்டில் மனைவிக்கு இதெல்லாம் வேலையற்ற வேலை.

பிறகு குருவிகள் குறையத் தொடங்கின. ஒரு வருஷம் பதினான்கு, அடுத்தது ஒன்பது, அப்புறம் நான்கு. நான்காம் வருஷம் வசந்தத்தில் பூஜ்யம். ஐந்து நிமிஷம் அரை மணியானது. அப்போதும் பூஜ்யம்தான். புல் அப்படியே நின்றது, ஆனால் அதைப் பார்க்கும் மனநிலையில் அவர் இல்லை. யாரோ கூட்டை அழித்திருக்க வேண்டும், அங்கே கத்தி பிடித்தவர் ஒருவர்தான். தோட்டக்காரம்மாவிடம் கேட்டார். நான் அந்தப் பக்கமே போகலையே அண்ணே என்றார் அவர். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் வேறு என்ன சொல்லி என்ன பயன்?

மனிதர் உட்கார்ந்து புகார் எழுதினார். நாலு வருஷத்துக் கணக்கையும் கட்டம் போட்டு இணைத்தார். அந்தக் கட்டத்தைப் பார்த்த அதிகாரிக்கு விசாரணையே தேவைப்படவில்லை. தோட்டக்காரம்மாவைக் குப்பை பிரிக்கும் கூடத்துக்கு மாற்றினார்கள். பாதையைவிட்டுப் போன அன்று அவர் சண்டை போடவில்லை, சொல்லிக்கொண்டும் போகவில்லை. பைனாகுலருக்கு அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, குழுவில் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் ஒருத்தி அவரோடு நடக்க வந்தாள். நான்காம் நிறுத்தத்தில் சட்டென்று நின்று விரல்களை மடக்கினாள்.

"சார், இங்க அஞ்சு குருவியாவது இருக்கும் போல."

"இங்க ஒண்ணும் இல்லம்மா. போய் ரொம்ப நாளாச்சு."

 அவள் போனை எடுத்துப் புல்லை நோக்கி நீட்டினாள். சத்தத்தைப் படமாக வரைந்து காட்டும் ஏதோ ஒரு வசதி அதில் இருந்தது. திரையின் மேல்விளிம்பில் ஒரு கோடு விழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று, இன்னொன்று. பதிந்ததைத் திரும்பப் போடச் சொன்னார். இன்னும் சத்தமாக வைக்கச் சொன்னார். டாக்டர் காது கூசி முகத்தைச் சுளித்தாள். அவருக்குக் கால்வாய்த் தண்ணீரும், தூரத்தில் ஒரு லாரி கியர் மாற்றுவதும் மட்டுமே கேட்டன.

அப்போதுதான் வீட்டில் நடந்தது ஞாபகம் வந்தது. காய்ச்சலின்போது டிஜிட்டல் தெர்மாமீட்டர் கீச்சென்று கூவவே இல்லையென்று புதிதாக ஒன்று வாங்கினார். அதுவும் கூவவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டியபோது, கூவுதே என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காது மருத்துவர் சோதித்துப் பார்த்து, மெல்லிய உச்சச் சத்தங்கள் முழுக்கப் போய்விட்டன என்றார். பணிமனை இரைச்சல் வருஷக்கணக்காக அரித்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சரியாகத்தான் இருந்தது. நேரே நகராட்சிக்குப் போய், என் கணக்கு தப்பு, அந்த அம்மாவைத் திரும்பப் போடுங்கள் என்று கெஞ்சினார். பாதை வேலையை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது, அந்தப் பணியிடமே இப்போது கிடையாது என்றார்கள். அவரை யாரும் கடிந்துகொள்ளக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் குப்பைக் கூடத்துக்குப் போனார். தகரக் கூரை, புழுதி, குப்பையைச் சுமந்து ஓடிக்கொண்டே இருக்கும் பட்டை. முகத்தில் துணி கட்டிய ஏழெட்டுப் பேரில் தோட்டக்காரம்மாவை அடையாளம் காணவே நேரமாயிற்று. அவர்தான் முதலில் பார்த்துவிட்டு வெளியே வந்தார். துணியை அவிழ்த்ததும் இருமல் வந்தது. அது அடங்கும்வரை பைனாகுலர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொல்ல வேண்டியதை வழிநெடுகச் சொல்லிப் பார்த்திருந்தும், வாயில் நாலு வார்த்தைதான் வந்தது.

"குருவி போகல, தங்கச்சி. என் காதுதான் போச்சு."

 அந்த அம்மாவுக்குக் கோபம் வரும் என்று பைனாகுலர் காத்திருந்தார். வசவு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தார். தோட்டக்காரம்மா சுவரில் சாய்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்பாடா. நான்தான் தெரியாம எந்தக் கூட்டையோ மிதிச்சிட்டேன் போலன்னு இத்தனை நாளும் மனசு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு."

"நீ எதுக்கும்மா அப்படி நினைச்சே? நீ அந்தப் பக்கமே போகலையே."

"போகலதான். ஆனா பாதையில போறப்ப அந்தச் சத்தம் எனக்குத் தினமும் கேட்டுச்சு, அண்ணே. நீங்க இல்லேன்னு சொன்னீங்க. சரி, அது ஏதோ பூச்சின்னு நெனச்சிக்கிட்டேன்."