ஹோமோக்ரேவுக்குப் போகாத பெட்டி

பொத்னார் இபோயாவிடம் ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் போதும், அதன் பின்கோடு வாயில் வந்து விழும். ஹங்கேரியில் கெச்கெமேட் நகரத்தைச் சுற்றி அறுபது எழுபது ஊர்கள். அவற்றில் நாலைந்துக்குத்தான் அவள் போயிருப்பாள். ஆனால் பதினான்கு வருடமாக அந்த ஊர்களுக்கு நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் கடிதங்கள் அவள் கை பட்டுத்தான் போய்க்கொண்டிருந்தன.

“இவளுக்கு எவனாவது மாப்பிள்ளை பாத்தா பேரைக் கேக்க மாட்டா. பின்கோடைத்தான் கேப்பா,” என்பாள் எதிர் மேசை மர்கித்.

“போன தடவை கேக்காம கட்டிக்கிட்டேன். அதான் விலாசம் தப்பின கடிதம் மாதிரி மூணே வருஷத்துல திரும்பிப் போயிட்டான்,” என்பாள் இபோயா. கிடங்கே சிரிக்கும்.

நகரத்துக்கு வெளியே, மூடிப்போன பழச்சாறு ஆலையின் கிடங்கில் இருந்தது அந்த நிறுவனம். ஆயிரக்கணக்கில் கடிதம் அனுப்ப வேண்டியவர்கள் வேலையை இங்கே தருவார்கள். இயந்திரம் அச்சடித்து, மடித்து, முகவரி மட்டும் வெளியே தெரியும்படி ஜன்னல் வைத்த உறைக்குள் தள்ளிவிடும். அதற்குமேல் மனிதர்கள் கை. எல்லா உறையும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒரு பின்கோடுக்கு உரியவை ஒரு கட்டு, கட்டின் தலையில் ஒரு சீட்டு. கட்டுகளைச் சாம்பல் நிறப் பெட்டியில் அடுக்கி, பெட்டியைப் பட்டை போட்டு இறுக்கி, சக்கரக் கூண்டில் ஏற்றி லாரிக்குத் தள்ள வேண்டும். தபால்காரர்கள் செய்ய வேண்டிய பாதி வேலையை இவர்களே செய்து கொடுப்பதால் அஞ்சல் கட்டணம் குறையும்.

இபோயாவின் வலது கட்டைவிரலில் எப்போதும் ரப்பர் உறை இருக்கும். உறைகளைச் சீட்டுக் கட்டு போல விசிறி, எண் மாறும் இடத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலால் நிறுத்திவிடுவாள். உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அக்டோபர் கடைசி வாரம் வந்த வேலை, வீடுகளுக்குச் சூடும் வெந்நீரும் தரும் எரிவாயு பாய்லர் விற்கும் ஒரு கம்பெனியுடையது. பதினோராயிரம் கடிதங்கள். அவர்கள் விற்ற ஒரு மாதிரியின் புகைக்குழாய் இணைப்பில் விரிசல் விட வாய்ப்பிருக்கிறது, எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை பற்ற வைக்காதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கடிதத்தின் பிரதி ஒன்று பலகையில் குத்தியிருந்ததால் அதை மட்டும் அவள் படித்தாள். அவள் வீட்டில் வேறு கம்பெனி பாய்லர். அத்தோடு மறந்துவிட்டாள்.

அன்று பிற்பகல் பட்டை போடும் இயந்திரம் நின்றுபோனது. கையாலேயே இறுக்கினார்கள். லாரி நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். மேற்பார்வையாளர் லோரான்ட், அவளைவிடப் பத்து வயது இளையவன், அவளைச் செல்லமாக இபிகே என்பவன், கதவருகே நின்று கத்திக்கொண்டிருந்தான்.

“இபிகே, கையெழுத்துப் போடு! டிரைவர் போறேங்குறான்!”

“எண்ணிட்டுப் போடறேன்.”

“தொண்ணூத்தாறு பெட்டி. நான் எண்ணிட்டேன். போடு.”

போட்டாள். பெட்டிகள் தொண்ணூற்றைந்துதான் போயின. பட்டைக்காகக் காத்திருந்த ஒரு பெட்டி மேசைக்கு அடியில் இருந்தது. மறுநாள் காலை யாரோ காலிப் பெட்டிகளை அதன்மேல் அடுக்கிவிட்டார்கள். ஒரு பெட்டி குறைவது அஞ்சல் கிடங்கின் எடையில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, அல்லது யாரும் பார்க்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காலிப் பெட்டி எடுக்கக் குனிந்தபோது கனமான ஒரு பெட்டியில் கை இடித்தது. இழுத்துப் பார்த்தாள். மேலே இருந்த சீட்டு அவள் கையெழுத்து. மூன்று ஊர்கள், நூற்றுச் சொச்சம் கடிதங்கள். அன்று காலைதான் அந்தக் குளிர்காலத்தின் முதல் உறைபனி விழுந்திருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு வரும் வழியில் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அவள்.

பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு லோரான்ட் அறைக்குப் போனாள். அவன் கதவைச் சாத்தினான்.

“யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல. இப்பத்தான் எடுத்தேன்.”

“அப்ப ஏன் இந்த மூஞ்சி? இன்னிக்கு லாரில ஏத்திடு. மின்சார பில்லு போவுதில்ல, அதோட சேத்துடு.”

“சாதாரணத் தபால் லோரான்ட். போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். இது பாய்லர் கடிதம். வெளிய பனி கொட்டுது, எல்லாரும் நேத்தே பத்த வெச்சிருப்பாங்க.”

“இபிகே, ஜன்னல் உறையில வர்ற கடிதத்தை இந்த நாட்டுல எவன் பிரிக்கிறான்? நீ பிரிக்கிறியா? நான் பிரிக்கிறதில்ல.”

“கம்பெனிக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லேன்.”

“சொல்லி? அந்த வேலை போவும். அதுக்கப்புறம் நீ, நான், மர்கித், எல்லாரும் தெருவுல. தாள்ல கையெழுத்து யாருது, அதையும் யோசிச்சுப் பாரு.” அவன் குரல் மிரட்டலாக இல்லை. கெஞ்சலுக்கும் அதற்கும் நடுவில் இருந்தது.

பெட்டியைக் கொண்டுபோய்க் கூண்டில் வைத்தாள். மேசைக்கு வந்து ஒரு மணி நேரம் மின்சார பில்களை ஊர்வாரியாகப் பிரித்தாள். இரண்டு தடவை எண் மாறும் இடத்தைத் தாண்டிப்போய்விட்டாள். பதினான்கு வருடத்தில் அப்படி ஆனதில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில், கசகசா உருண்டையைப் பொட்டலத்தோடு விட்டுவிட்டு, சைக்கிள் கொட்டகைக்குப் போய் நின்று, மூன்று ஊர்களின் ஊராட்சி அலுவலகங்களுக்கும் போன் போட்டாள். முதல் இரண்டு ஊர்க்காரர்களும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் சொல்வதாக வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஹோமோக்ரேவ்.

“நீங்க யாரும்மா பேசறது?” என்றாள் மறுமுனையில் இருந்த எழுத்தர், யூஸ்தினா.

“அது எதுக்கு? விஷயம் உண்மை. சொன்னாப் போதும்.”

“யாருன்னு தெரியாம நான் மைக்ல சொல்ல முடியாது. போன வருஷம் ஒருத்தன் தண்ணில விஷம்னு போன் பண்ணி, ஊரே ரெண்டு நாள் குளிக்கல.”

இபோயா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் முழுப்பெயரைச் சொன்னாள். நிறுவனத்தின் பெயரையும், பெட்டி பதினைந்து நாள் எங்கே கிடந்தது என்பதையும் சொன்னாள்.

மறுமுனையில் யூஸ்தினா பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“கேக்குதா?” என்றாள் இபோயா.

“அந்த பாய்லர்... வெள்ளையா, முன்னால நீலப் பட்டை போட்டதா?”

“ஆமா. படத்துல அப்படித்தான் இருந்துச்சு.”

“சனிக்கிழமை காலைல சோர்டாஷ் வீட்டம்மா குளியலறைல விழுந்து கிடந்தாங்க. புகை வாயு. போய்ட்டாங்க. பெரியவர் பக்கத்து ரூம்ல படுத்திருந்ததால பொழச்சாரு, ஆஸ்பத்திரில இருக்காரு.” யூஸ்தினா மூச்சு வாங்கினாள். “எங்க ஸ்கூல்ல சமையல் பண்ணவங்கம்மா அவங்க. எனக்கே சோறு போட்டவங்க.”

போனை வைத்த பிறகு இபோயா நேரே கூண்டுக்குப் போனாள். பெட்டியின் பட்டையை அறுத்து ஹோமோக்ரேவ் கட்டை வெளியே எடுத்தாள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை, மேலிருந்து பதினோராவது உறை. சோர்டாஷ் வெண்டெலின் மனைவிக்கு என்று முகவரி. பாய்லரை வாங்கியது அந்த அம்மா போலிருக்கிறது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கிழித்துப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பின்னால் போலீசில் சொன்னபோது அதையும் மறைக்கவில்லை. உறையைப் பழைய இடத்தில் செருகி, புதுப் பட்டை போட்டு இறுக்கினாள்.

மாலைக்குள் யூஸ்தினா மூலமாகப் பாய்லர் கம்பெனிக்குத் தகவல் போய்விட்டது. வியாழக்கிழமை போலீஸ் வந்தது. லோரான்ட் தாளை எடுத்துக் காட்டினான்: தொண்ணூற்றாறு பெட்டி, கையெழுத்து பொத்னார் இபோயா. எண்ணவிடாமல் அவசரப்படுத்தியது அவன்தான் என்று அவள் சொன்னாள். மர்கித்தைக் கேட்டார்கள்.

“இயந்திரச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல,” என்றாள் மர்கித். அந்த நேரத்தில் இயந்திரம் நின்றுபோயிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, இபோயாவும் சொல்லவில்லை. மர்கித்துக்குப் படுத்த படுக்கையாகக் கணவன் இருந்தான். அதற்குப் பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மூன்று வாரம் வேலை செய்தார்கள். சிரிப்புச் சத்தம் இல்லை. டிசம்பரில் இபோயாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்திரியாவில், கிராட்ஸ் நகரத்தில் இருக்கும் மகள் போனில் அழுதாள். “பேரைச் சொல்லாம வேற யாரையாவது விட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா.”

“அவ கேட்டா, சொன்னேன்.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

“நீ சாப்பிட்டியா?” என்று பேச்சை மாற்றினாள் இபோயா.

யூஸ்தினா ஒருநாள் தானாகவே கூப்பிட்டாள். அன்று ஒலிபெருக்கியில் சொன்ன பிறகு மூன்று ஊர்களிலும் பத்தொன்பது பாய்லர்களை அணைத்தார்களாம். ஒரு வீட்டில் விரிசல் விரலளவு இருந்ததாம். அந்த வீட்டில் நாலு பேர். நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னாள். இபோயா கேட்டுக்கொண்டாள். ஆனால் இரவு கண்ணை மூடினால் அந்த நாலு பேர் வரவில்லை, பதினோராவது உறைதான் வந்தது.

பிப்ரவரியில் அவள் ஹோமோக்ரேவுக்குப் பேருந்து ஏறினாள். மணல் மேடு, இலையுதிர்ந்த ஆகாசியா மரங்கள், வரிசையாகத் தாழ்ந்த வீடுகள். சோர்டாஷ் வெண்டெல் கதவைத் திறந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உயரமான ஆள், சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

“நான் பொத்னார் இபோயா. அந்தக் கடிதம்...”

“தெரியும். யூஸ்தினா சொன்னா. நீ வருவேன்னு சொல்லல, ஆனா வருவேன்னு நெனச்சேன். உள்ள வா, கதவைத் தெறந்து வெச்சா சூடு போயிடும்.”

அடுப்பங்கரையில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வழி நெடுக மனதில் அடுக்கிக்கொண்டு வந்த வாக்கியங்களை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள்.

“ஒண்ணு கேக்கறேன். நெஜத்தைச் சொல்லுங்க பெரியவரே,” என்றாள் கடைசியில். “கடிதம் நேரத்துக்கு வந்திருந்தா, பிரிச்சுப் படிச்சிருப்பீங்களா?”

அவர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

“நான் பிரிச்சிருக்க மாட்டேன். எனக்கு அந்த மாதிரி உறையைக் கண்டாலே ஆகாது. அவ பிரிப்பா. கடை விளம்பரத்தைக்கூட விடமாட்டா, கண்ணாடியப் போட்டுக்கிட்டு கடைசி வரி வரைக்கும் படிப்பா. நான் கிண்டல் பண்ணுவேன்.” அவர் மேசைமேல் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “படிச்சிருப்பா. அணைச்சிருப்பா. உன்னைத் தேத்தறதுக்காக வேற மாதிரி சொல்ல எனக்கு வரல.”

“சொல்ல வேண்டாம்.”

அவர் எழுந்துபோய் ஒரு தகரப் பேசினைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். உள்ளே மூன்று மாதக் கடிதங்கள், ஒன்றும் பிரிக்கப்படாமல். ஓய்வூதிய அலுவலகம், காப்பீடு, தண்ணீர், மின்சாரம். நடுவில் அந்த பாய்லர் உறையும் இருந்தது. அவர் மனைவியை அடக்கம் செய்து எட்டாம் நாள் தபால்காரர் கொண்டுவந்து போட்டாராம்.

“வாசி,” என்றார்.

“இதையா?”

“அதைத்தான் முதல்ல. என்ன சொல்ல வந்தாங்கன்னு நான் கேட்டுக்கறேன்.”

இபோயா உறையைப் பிரித்தாள். உறையைத் திறப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை, ஓரம் கோணலாகக் கிழிந்தது. மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு என்று தொடங்கி, தேதி, மாதிரி எண், தடித்த எழுத்தில் இருந்த எச்சரிக்கை, தொலைபேசி எண், வருந்துகிறோம் என்ற கடைசி வரி வரைக்கும் படித்தாள். நடுவில் ஒரு தடவை நிறுத்தினாள். அவர் காத்திருந்தார். மறுபடி படித்தாள். முடிந்ததும் அவர் காகிதத்தை வாங்கி, நான்காக மடித்து, அடுப்பைத் திறந்து உள்ளே போட்டார். பிறகு மிச்சக் கடிதங்களைக் காட்டினார்.

பேருந்து வரும்வரை பிரித்தார்கள். மனைவியை இழந்தவருக்கு வரும் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் கெடு முடிய ஐந்து நாள்தான் பாக்கி என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அதை அவளே நிரப்பி, கையெழுத்து வாங்கி, தன் பையில் வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது அவர் பேரிக்காய் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்தாள். அவர் குடிக்கவில்லை.

“மார்ச்லயும் கடிதம் வரும்,” என்றார் வாசலில் நின்று. அழைத்த மாதிரியும் இல்லை, குத்திக்காட்டிய மாதிரியும் இல்லை.

வழக்கு வசந்தகாலத்தில் முடிந்தது. நிறுவனத்துக்கு அபராதம். லோரான்டுக்கும் இபோயாவுக்கும் ஆளுக்கு ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. குழாயைச் செய்த கம்பெனிமீதான வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. இபோயாவுக்கு மாவட்ட மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வார்டு வாரியாகத் துணி பிரிக்கிறாள். எண்ணாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அங்கே இருப்பவர்களுக்கு அது எரிச்சல், முதுகுக்குப் பின்னால் அவளைப் பள்ளிக்கூட வாத்தியார் என்கிறார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் ஹோமோக்ரேவுக்குப் போகிறாள். வெண்டெல் அவளிடம் மன்னித்துவிட்டேன் என்று சொன்னதில்லை. சில ஞாயிறுகளில் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார், தோட்டத்துக்குப் போய்விடுவார். அவள் தனியாக உட்கார்ந்து பிரித்து, பதில் போட வேண்டியதை ஒரு பக்கம், வேண்டாததை ஒரு பக்கம் வைத்துவிட்டு வருவாள். செப்டம்பரில் அவர் குளியலறைக்கு மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கியிருந்தார். கையேடு இருபத்திரண்டு பக்கம். அன்று அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “மெதுவாப் படி, ஒண்ணையும் விட்றாத,” என்றார்.