வைக்கோல் குண்டும் சணல் திரியும்

நேற்று சாத்தூர் போகும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. என் பைக்குக்கு முன்னால் ஒரு லாரி நிறைய வைக்கோல் உருளைகள். ஒவ்வொன்றிலும் சணல் நுனி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. கை பரபரத்தது. கேட் திறந்தது தெரியாமல் நின்று, பின்னால் இருந்தவனிடம் வசவு வாங்கினேன்.

எங்களிடமும் வைக்கோல் கட்டும் மிஷின் ஒன்று இருந்தது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்தால், அறுத்த வயலில் கிடக்கும் வைக்கோலை வாரிச் சுருட்டி, சணல் சுற்றி, உருளையாக வெளியே தள்ளும். தஞ்சாவூர்ப் பக்கம் போய் அண்ணன் அதைப் பழசாக வாங்கிவந்தான். ஊருக்குள் நுழையும்போதே செயின் கழன்று விழுந்தது. அதை எடைக்குப் போடத்தான் வாங்கினானா என்று ஊரே கேட்டது.

மதினிக்காகத்தான் வாங்கினான். பட்டாசு கம்பெனியில் வெடிக்குச் சணல் சுற்றுவது அவள் வேலை. அவள் வேலை முடிந்து வீடு திரும்புகிறவரை அண்ணனுக்குச் சோறு இறங்காது. ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர் பாய்கிற வயல்களில் மிஷின் ஓடினால் அவளை வேலைக்கு அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான் அவன் கணக்கு. அவளும் வேலையை விட்டு நின்றுகொண்டாள்.

நல்ல நாட்கள் அவை. அண்ணன் டிராக்டர் ஓட்ட, நான் சணல் கண்டைச் சுமந்து பின்னால் ஓடுவேன். ஒருமுறை ரிவர்ஸ் எடுத்து வரப்பில் ஏற்றிய கெட்டிக்காரன் என்பதால் என்னிடம் டிராக்டரைத் தரமாட்டான். பட்டாசு ஊர் இல்லையா, உருளைக்கு எங்கள் சனம் 'குண்டு' என்று பேர் வைத்துவிட்டது. மதுரை பஸ்ஸில் போனில் நான், "காலைல முப்பது குண்டு எறக்கிருதோம்" என்று கத்தப்போய், பக்கத்து சீட்காரர் எழுந்து முன்னால் போய்விட்டார்.

தொங்குகிற சணல் நுனிக்கு மதினி வைத்த பேர் 'திரி'. உருளை விழுந்ததும் ஓடிப்போய் அதை உள்ளே சொருகிவிட்டுத்தான் நகர்வாள். வைக்கோல் வெடிக்காது என்று அண்ணன் கேலி செய்வான்.

"நீங்க சிரிக்கீக. திரி நீட்டிக்கிட்டுக் கெடந்தா எனக்கு ஈரக்கொல நடுங்குது."

அப்புறம் மழை பொய்த்தது. அணை வறண்டு, நெல் இல்லை, வைக்கோல் இல்லை. மிஷின் புளியமரத்தடியில் கிடந்தது. தீபாவளி ஆர்டருக்கு ஆள் பற்றவில்லை என்று கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணன் எழுந்து மிஷினடிக்குப் போய்விட்டான். மதினி பின்னாலேயே போனாள்.

"இந்த ஒரு சீசன் மட்டும் போயிட்டு வாரேன். மழ பெஞ்சா நின்னுக்கிருதேன்."

மழை ஐப்பசியில் பெய்தது. புரட்டாசியிலேயே கம்பெனி ஷெட் வெடித்து மதினி போய்விட்டாள். சத்தம் எங்கள் வயல்வரை கேட்டது. அதற்குமேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அந்த வருஷம் பார்த்து நெல் அமோகம். ஊர்க்காரர்கள் தயங்கித் தயங்கி வந்து கேட்க, அண்ணன் மிஷினை எடுத்தான். முதல் உருளை விழுந்தது, நுனி தொங்கியது. எஞ்சினை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, அதச் சொருகுலே."

சொருகினேன். கையை எடுத்ததும் மறுபடி வெளியே வந்து தொங்கியது. அண்ணன் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டான். பிறகு மிஷினைப் பழைய இரும்புக்காரர் ஏற்றிப்போனார்.

இப்போது வெளியூர் மிஷின் வருகிறது. எத்தனை 'கட்டு' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் எங்கள் முன்னால் மட்டும்தான் அந்தப் பழைய பேரைச் சொல்லாமல் இருந்தார்கள். நாளடைவில் ஊரிலேயே வைக்கோலைக் குண்டு என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.