காய்ச்சல்தானே என்று படுத்துவிட்டேன்

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவள் நான். நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து வருகிறேன். ஊசி போட்டு வந்த மறுவாரம் உடம்பு கொதித்தது. காய்ச்சல்தானே என்று மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் சிகிச்சை எடுக்கும் செல்வி, நலம் விசாரிக்கப் போன் செய்தாள். விஷயம் தெரிந்ததும் பதறினாள்.

"காய்ச்சலோடயா படுத்திருக்க? காய்ச்சல் வந்தா ஒடனே வரணும்னு டாக்டர் அம்புட்டுச் சொன்னாரேக்கா! இப்பவே கெளம்பு!"

கணவர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்து, கிருமித்தொற்று பரவத் தொடங்கியிருந்தது.

"நல்லவேளை, வந்துட்டீங்கம்மா" என்றார் டாக்டர்.

பிழைத்தேன். கட்டியும் சுருங்கி வருகிறது. இப்போதெல்லாம் உடம்பு லேசாகச் சுட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிடுகிறேன். பயந்த முகத்தோடு வார்டுக்குப் புதிதாக வருபவர்களிடம் நம்பர் வாங்கி, நானும் விசாரிக்கிறேன். "இன்னைக்குக் கொஞ்சம் சாப்பிட்டேன்க்கா" என்று அவர்கள் சொன்னால், எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.