காற்றில்லாத டயரில் முப்பத்திரண்டு மைல்

என் பெயர் ஆதம்பாவா. வயது ஐம்பது. கல்முனையில் நில அளவையாளராகத் தொழில் செய்கிறேன். காற்றுப் போனாலும் ஓடும் டயர் பூட்டிய கார்கள் இப்போது ஒன்றிரண்டு நம் பக்கமும் வந்துவிட்டன. அத்தகைய காரில் பொத்துவில் வீதியில் போக எண்ணுவோருக்கு, அந்த டயர் உண்மையில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வதே என் நோக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை அதை நானே ஓட்டி அறிந்தேன்.

பொத்துவிலில் ஒரு காணியை அளந்து முடித்து, லுஹர் தொழுதுவிட்டு, பன்னிரண்டே முக்காலுக்கு மச்சான் சலீமுடன் புறப்பட்டேன். கல்முனைக்கு நாற்பத்திரண்டு மைல். இரண்டரைக்கு அங்கே சிறுபோக நெற்செய்கைக் கூட்டம். குளத்துத் தண்ணீர் எந்த வயல்வரை விடப்படும் என்று அதில் தீர்மானிப்பார்கள். மாவடிப்பள்ளியில் வாய்க்காலின் கடைசியில் உள்ள முப்பத்தாறு ஏக்கரை இம்முறை விலக்கிவிடப் பேச்சு அடிபட்டது. தண்ணீர் அங்கே ஏறாதாம். ஏறும் என்று காட்டும் வரைபடம் என் காரில் இருந்தது. அந்த வயல்களில் ஒன்றும் என்னுடையதல்ல, பதினொரு குடும்பங்களுடையவை.

பத்தாவது மைலில், கோமாரியில், ஸ்டியரிங் திடீரெனக் கனத்து இடப்பக்கம் இழுத்தது. வெடிச்சத்தம் எதுவும் இல்லை. இறங்கிப் பார்த்தால் முன் இடது டயரில் ஆணி. டயர் தட்டையாகியிருந்தது, ஆனால் சில்லின் விளிம்பைவிட்டுக் கழலவில்லை. இதன் உள்ளே எண்ணெய் போன்ற ஒரு பசை உண்டு. காற்று இறங்கியதும் அது பரவி, மடிந்த ரப்பர் உரசிச் சூடாவதைக் குறைக்கிறது. ஐம்பது மைல் வேகத்தைத் தாண்டாமல் நூறு மைல் ஓடலாம் என்கிறது கைநூல். ஆகையால் காருக்கு மாற்றுச் சில்லே கொடுப்பதில்லை.

"மச்சான், புத்தகத்தில எழுதினது டயருக்குத் தெரியுமா?" என்றார் சலீம்.

"தெரியாட்டி இண்டைக்குத் தெரிஞ்சிரும். ஏறுங்க."

வீதியின் குழிகளைப் பார்த்து இருபத்தைந்து மைல் வேகத்திலேயே ஓட்டினேன். நேர்வீதியில் குறையொன்றும் தெரியாது. வளைவில் காரின் முன்பக்கம் தோணிபோல ஆடும். பிரேக்கை அழுத்தினால் இடப்பக்கம் சாயும். திருக்கோவிலில் ரப்பர் மணக்கத் தொடங்கியது. வழிநெடுக, "டயர் காத்துப் போய்த்து!" என்று சனம் கத்தியது. நான் தலையை ஆட்டிக்கொண்டே போனேன்.

அக்கரைப்பற்றுச் சந்தியில் தலையாட்டல் எடுபடவில்லை. நான்கு பேர் கையை விரித்து வீதியை மறித்தார்கள். டயர் கடைக்காரர் ஜாக்கோடு ஓடிவந்தார்.

"இறங்குங்க ஹாஜியார். அஞ்சு நிமிசத்தில டியூப் போட்டுத் தாறன்."

"இதுக்கு டியூப் இல்ல."

"அப்ப டிக்கியத் திறங்க, ஸ்பெயார எடுப்பம்."

"ஸ்பெயாரும் இல்ல."

"அப்ப என்னதான் இரிக்கி உங்கட கார்ல?"

"மச்சான் இரிக்கார், புத்தகம் இரிக்கி," என்றார் சலீம். கூட்டம் சிரித்தது.

அதற்குள் ஒருவர் இரண்டு நட்டுகளைத் தளர்த்திவிட்டார். அந்த டயரைக் கழற்றிப் பிரித்தால், திரும்பப் பூட்டும் கருவி கொழும்பில்தான் உண்டு. பதினொரு குடும்பங்களின் போகம் அத்துடன் முடிந்துவிடும். நட்டுச் சாவியை அவர் கையிலிருந்து வாங்கி, தெருவில் முழங்காலிட்டு, நட்டுகளை நானே இறுக்கினேன். உதவி செய்ய வந்தவர்களைக் கடிந்துகொள்வது எளிதல்ல, கடிந்துகொண்டேன். பதினான்கு நிமிடம் வீண்.

"போங்க, போங்க! நிந்தவூர்ல தள்ளிக்கொண்டுதான் போவீங்க," என்றார் கடைக்காரர்.

நிந்தவூரில் தள்ளவில்லை. இரண்டு நாற்பத்தாறுக்குக் கல்முனைக் கூட்ட மண்டபத்தில் நுழைந்தேன். முப்பத்தாறு ஏக்கரை விலக்கச் சம்மதித்துக் கைகள் உயர்ந்துகொண்டிருந்தன. வரைபடத்தை மேசையில் விரித்தேன்.

தலைமை தாங்கிய அதிகாரி குனிந்து பார்த்தார். "இது பழைய அளவு. வாய்க்கால் இப்ப மண்மூடிக் கிடக்கு. அடுத்த செவ்வாய்க்குள்ள புதுசா மட்டம் எடுத்துக் கொண்டுவாங்க. இல்லாட்டி அந்த வயலுகளுக்குத் தண்ணி இல்ல."

உயர்ந்த கைகள் இறங்கின.

பயணிகளுக்குச் சில சொற்கள். இந்த டயர் காற்றிழப்பதை ஓசையால் அறிவிக்காது. தரிக்கும் இடமெல்லாம் காற்றழுத்தத்தை அளந்து பாருங்கள். ஓட்டி முடித்தபின் டயர் மிஞ்சும் என்று நம்பாதீர்கள். என்னுடையதன் பக்கச்சுவர் உட்புறம் நைந்துவிட்டது. வேறு டயர் அந்தச் சில்லில் பொருந்தாது. கொழும்பிலிருந்து வரக் குறைந்தது மூன்று வாரமாம். அதுவரை கார் கல்முனையில் கல்லின்மேல் நிற்கும். அதைப் பார்த்துச் சிரிக்க விரும்புவோர் தாராளமாகச் சிரிக்கலாம்.

நாளை காலை ஆறு மணிக்கு மட்டக் கருவியையும் அளவுச் சங்கிலியையும் பஸ்ஸில் ஏற்றி மாவடிப்பள்ளிக்குப் போகிறேன். அந்த வாய்க்காலைத் தலையிலிருந்து கடைசி வரம்புவரை அடியடியாக அளந்து, செவ்வாய்க்கிழமை அதே மேசையில் வைப்பேன்.