பிரிட்ஜுக்கும் ஓய்வு

தொண்ணூறுகளின் கடைசியில் முகப்பேரில் ஒரு கால்நடைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். முதலாளி கால்நடை மருத்துவர். எங்கோ பயிற்சிக்குப் போய் ஒரு பிசிஆர் மெஷினோடு திரும்பியவர், அதன்பிறகு மாட்டைத் தொடுவதையே விட்டுவிட்டார். வாயைத் திறந்தால் 'மாலிகுலர்'. எதிர் பிளாட் பொமரேனியன் தும்மினாலும் மாலிகுலர்தான். அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெஷின் நல்ல மெஷின். சளியில் கிருமியின் மரபணு துளி இருந்தாலும் பெருக்கிக் காட்டிவிடும். ஆனால் சளியைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். சூடு பட்டால் சில கிருமிகளின் மரபணு சிதைந்துவிடும். நோய் இருந்தாலும் இல்லை என்றே வரும்.

ஆயுத பூஜைக்கு முன்னால் பூந்தமல்லியிலிருந்து ஒரு பாய் மீன்பாடி வண்டியில் ஆட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். ஆடு வளர்த்து விற்பவர். ஆட்டுக்கு மூக்கு ஒழுகி, வாயெல்லாம் புண். ஆட்டுக்கொல்லி நோயோ என்று பயந்துபோயிருந்தார்.

"தனியா கட்டி வச்சிகீறேன் சார். மத்த ஆட்டோட சேக்கலாமா, கூடாதா, அத்த மட்டும் சொல்லு. அதுங்கள நம்பித்தான் ஊடே ஓடுது."

சளியை ஒரு டப்பாவில் எடுத்து பிரிட்ஜில் வைத்துவிட்டு விடுமுறையில் போனேன். திரும்பி வந்தால் மெஷின், பிரிட்ஜ், நாற்காலி எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். பரிசோதித்தேன். நோய் இல்லை என்று வந்தது.

முதலாளியே எழுந்து வந்து பாயிடம் சொன்னார். "தாராளமா சேர்த்து விடுங்க பாய். மெஷின் பொய் சொல்லாது."

அடுத்த முறை பாய் வெறும் கையோடு வந்தார். "அதே நோவு சார். ஒண்ணு பின்னால ஒண்ணா பூட்ச்சி."

"தீவனத்துல ஏதாவது இருந்திருக்கும்," என்றார் முதலாளி, நாற்காலியில் சாய்ந்தபடி.

தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள். "பாயோட ஆட்டு சளி டப்பாவா சார்? பூஜைக்கு எல்லாத்துக்கும் ரெஸ்ட்டுன்னு பிரிட்ஜ கழுவி தொறந்து வுட சொன்னியே. மறுநாளு நீதானே சுச்சி போட்டு அத்த உள்ள வச்சே. அதுவரிக்கும் டப்பா பொரி தட்டாண்டதானே கெடந்துச்சி!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மெஷினுக்கான வெளிநாட்டு மருந்து இருந்த இன்னொரு குளிர்பெட்டியை மட்டும் அவர் அணைக்கவில்லை. அதற்கு ஓய்வு கிடையாது, அது காசு போட்டு வாங்கியது. ஆட்டுச் சளிதானே, கிடந்தால் என்ன! இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் பாயிடம் மெஷின் பொய் சொல்லாது என்றிருக்கிறார், படித்த மனுஷன்.

அந்த முகத்தில் வெட்கம் என்று ஒன்று வரும் என எதிர்பார்த்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

"சரி, போனது போகட்டும். புதுசா சாம்பிள் கொண்டாங்க பாய், ஃப்ரீயா பார்த்துத் தரேன்," என்றார்.

பாய் வாசல் பக்கம் திரும்பினார்.

"சாம்பிள் எடுக்க ஆடு வேணுமே சார்."